ஊர் பேர் உள்ள மாயம்: சிறுவர் நாவல் எழுதும் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தின் கிழக்கே, மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு மாயக்கதை நாவல் எழுதி வருகிறேன். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, சாகக் கிடக்கும் பாட்டியைக் காப்பாற்ற, அமெரிக்க நாட்டார் கதைகளில் வரும் மாத்மேன், ஜெர்சி டெவில், மரவெட்டி இராட்சதன் பால் பன்யன் ஆகியோரைத் தேடிப் போகிறாள். வழியில் செரோக்கிப் பழங்குடியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அவளுக்கு மந்திரத் தாயத்து தருகிறார். படித்துப் பார்த்த நண்பர்கள், கதை விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்த ஊரிலும் ஒட்டவில்லை என்றும், அந்தச் சிறுமி வளர்ந்ததாகவே தெரியவில்லை என்றும் சொல்கிறார்கள். தவறு எங்கே இருக்கிறது? வெளியூர்க்காரியான நான் இந்தக் கதைகளைத் தொடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய கதைச்சுருக்கத்தையும் முதல் ஐந்து அத்தியாயங்களையும் படித்தேன். சிறுவர் நூல்களின் படிகளைச் செப்பனிடுவது என் தொழில் என்பதால், நடையில் குறை இருந்தால் முதல் பக்கத்திலேயே கண்ணில் பட்டுவிடும். உங்கள் நடையில் அப்படி எதுவும் படவில்லை. குறை அஸ்திவாரத்தில் இருக்கிறது. உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டு குறைகளும் உண்மையில் ஒன்றுதான். நாட்டார் நம்பிக்கை எதுவும் தனியே வருவதில்லை. அது ஓர் ஊரோடும், அந்த ஊரின் பிழைப்போடும், இதை இன்னார்தான் செய்யலாம், இன்னாருக்குத்தான் சொல்லலாம், சொன்னால் இன்னது போய்விடும் என்ற நிபந்தனைகளோடும் வருகிறது. நீங்கள் உருவங்களை எடுத்துக்கொண்டு ஊரையும் நிபந்தனையையும் விட்டுவிட்டீர்கள். ஊர் போனதால் கதைக்கு நிற்க இடம் இல்லை. நிபந்தனை போனதால், ஒன்றை இழந்து இன்னொன்றைப் பெற வேண்டிய நெருக்கடி அந்தச் சிறுமிக்கு ஒருபோதும் வருவதில்லை. நெருக்கடி இல்லாத பிள்ளை வளர்வதை வாசகர் எப்படிப் பார்ப்பார்?

மாத்மேனையே எடுத்துக்கொள்வோம். உங்கள் நாவலில் அது சிவந்த கண்களும் பெரிய சிறகுகளும் கொண்ட செல்லப் பிராணி. சிறுமியை முதுகில் ஏற்றிக்கொண்டு பறக்கிறது. அது பிறந்த இடம் மேற்கு வர்ஜீனியாவில் ஓஹாயோ ஆற்றங்கரையில் உள்ள பாயின்ட் பிளசன்ட் என்ற சிற்றூர். ஊருக்கு வெளியே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து வெடிமருந்துக் கிடங்குகள் கைவிடப்பட்டுக் கிடந்த பகுதியில், 1966 நவம்பரில் இரண்டு இளம் தம்பதிகள் ஒரே காரில் போனபோது அதைக் கண்டதாகச் சொன்னார்கள். மறு ஆண்டு டிசம்பர் 15 அன்று மாலை, வாகனங்கள் நெருக்கியடித்து நின்ற நேரத்தில், ஊரை ஓஹாயோ மாநிலத்தோடு இணைத்த சில்வர் பாலம் ஆற்றில் சரிந்து விழுந்து 46 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய எஃகுச் சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியில் இருந்த விரிசல்தான் காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. ஊர் வாய்க்கு அது போதவில்லை. அந்த உருவம் எச்சரிக்க வந்ததா, கேட்டைக் கொண்டுவந்ததா என்று பேசிப் பேசித்தான் மாத்மேன் கதை உருவாயிற்று. இன்று அங்கே அதற்கு உலோகச் சிலை இருக்கிறது, ஆண்டுதோறும் விழாவும் நடக்கிறது. இறந்தவர்களின் உறவினர்கள் வாழ்வதும் அந்த வட்டாரத்தில்தான். அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தியின் கதையில் மாத்மேன் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு பாலம் இருக்கும். டென்னசிச் சிறுமியின் வாகனமாக வந்தால் சிறகு மட்டும்தான் இருக்கும்.

ஜெர்சி டெவிலுக்கும் இதே நியாயம்தான். நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் காட்டு மணலையும் தேநீர் நிறத் தண்ணீரையும் விட்டு அது வெளியே வராது. பதின்மூன்றாவது பிள்ளையை வேண்டாம் என்று சபித்து, அது பிசாசாகிப் போகக் கண்ட தாயின் கதை அது. அருமையான சிறுவர் நாவலுக்கு அதில் விதை உண்டு, ஆனால் அது வேறொருவர் எழுத வேண்டிய நாவல்.

பால் பன்யன் விஷயம் வேறு. மரம் வெட்டும் முகாம்களில் அவனைப் பற்றிச் சில வாய்மொழிக் கதைகள் இருந்தன என்றாலும், இன்று பிள்ளைகள் அறிந்த பால் பன்யனைப் பெரும்பாலும் உருவாக்கியவை ரெட் ரிவர் மரக் கம்பெனிக்காக வில்லியம் லாஃஹெட் 1914 முதல் எழுதிப் படம் வரைந்த விளம்பரக் கையேடுகள். இப்படிக் கடையில் செய்து நாட்டார் கதை என்று விற்பதை ரிச்சர்ட் டார்சன் என்ற நாட்டாரியல் அறிஞர் 1950-இல் கடுமையாகச் சாடினார். நான் டார்சனைவிடக் கொஞ்சம் தாராளம். பொய்யாகப் பிறந்த கதையும் ஊருக்குள் வேர்விட்டால் ஊர்க்கதைதான். விஸ்கான்சின் மாநிலத்து ரைன்லாண்டரில் யூஜின் ஷெப்பர்ட் என்ற குறும்புக்காரர், கொம்பும் முதுகெலும்பு முழுக்க முள்ளும் கொண்ட ஹோடாக் என்ற விலங்கைக் கொன்றுவிட்டதாக 1893-இல் அறிவித்தார். 1896-இல் உயிரோடு ஒன்றைப் பிடித்துவிட்டதாகச் சொல்லி, மாவட்டக் கண்காட்சியில் இருட்டுக் கூடாரத்துக்குள் காட்டினார். அது மரத்தாலும் தோலாலும் செய்து கம்பியால் அசைக்கப்பட்ட பொம்மை. ஸ்மித்சோனியன் நிறுவனத்து அறிஞர்கள் பார்க்க வரப்போகிறார்கள் என்றதும் குட்டு உடைந்தது. ஆனாலும் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணிகளின் பெயர் இன்றும் ஹோடாக்தான். கூடாரத்துக்குப் பின்னால் யாரோ கம்பியை இழுக்க வேண்டும் அல்லவா? அந்த வேலையைப் பதினோரு வயதுப் பையன் ஒருவனிடம் கொடுத்துப் பாருங்கள். தான் மதிக்கும் பெரியவர் ஊரையே ஏமாற்றுகிறார், தானும் அதற்குத் துணை, ஊரோ ஏமாறுவதை ரசிக்கிறது என்று அவன் புரிந்துகொள்ளும் நாளில் அவன் வளர்ந்துவிடுகிறான். உங்கள் நாவலுக்கு இது தேவையில்லை. ஒரு கதை எங்கே பிறந்தது என்று தெரிந்தால் அதிலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்று காட்டவே சொன்னேன்.

இனி, வெளியூர்க்காரி தொடலாமா என்ற கேள்வி. பக்கத்து வீட்டுச் சமையலறையில் உங்களோடு பகிர்ந்துகொள்ளப்பட்டதும், ஒரு மக்களினம் தனக்குள் வைத்துக் காக்கும் சடங்கும் ஒன்றல்ல. முதலாவதை, சொன்னவரிடம் கேட்டுக்கொண்டு, கவனத்தோடு எழுதலாம். இரண்டாவதை எடுக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. நவஹோ மக்கள், அதாவது தங்களைத் தினே என்று அழைத்துக்கொள்பவர்கள், கொயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கின் கதைகளைப் பனிக்காலத்தில் மட்டுமே சொல்வார்கள். சொல்லும் பருவம்கூட அந்தக் கதையின் பகுதி. 2016-இல் பெரும்புகழ் பெற்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் ஒருவர் வட அமெரிக்க மந்திர உலகத்துக்கு வரலாறு எழுதுவதாகச் சொல்லி, அந்த மக்கள் அச்சத்தோடு மட்டுமே பேசும் ஒரு நம்பிக்கையைத் தன் கற்பனையோடு கலந்தபோது, பழங்குடி அறிஞர்கள் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். நாம்பே பியூப்லோவைச் சேர்ந்த டெபி ரீஸ் என்ற கல்வியாளர் அவர்களில் ஒருவர். அமெரிக்கச் சிறுவர் நூல்களில் பழங்குடி மக்கள் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள் என்று 2006 முதல் தொடர்ந்து விமர்சித்து வருபவர். உங்கள் செரோக்கி முதியவரைப் படித்தால் அவர் என்ன சொல்வார் என்று ஊகிப்பது கடினமல்ல. அந்த முதியவருக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, பேரப்பிள்ளை இல்லை. தாயத்தைக் கொடுத்துவிட்டு மூடுபனிக்குள் மறைந்துபோகிறார். உங்கள் ஊரிலிருந்து ஸ்மோக்கி மலைகளைக் கடந்தால் வட கரோலினாவில் குவாலா பவுண்டரி என்ற செரோக்கி மக்களின் நிலப்பகுதி இருக்கிறது. 1838-இல் செரோக்கி மக்கள் மேற்கே விரட்டப்பட்டபோது மலையிலேயே தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்துகிறார்கள். தெருப் பலகைகளில் 1821-இல் செக்கோயா உருவாக்கிய எழுத்து இருக்கிறது. முதியவரை நீக்கிவிடுங்கள். செரோக்கி மனிதர் ஒருவர் கதையில் வேண்டும் என்றால், அவருக்கு ஒரு வேலையும் ஒரு குடும்பமும் கொடுங்கள், மந்திரம் கொடுக்காதீர்கள்.

இத்தனையையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கவலைப்படாதீர்கள். உங்கள் நாவலின் உண்மையான மாயம் மூன்றாம் அத்தியாயத்தின் நடுவில், நீங்கள் கவனிக்காமலே, ஒற்றை வாக்கியமாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு மூதாட்டி தன் தம்பியைப் பற்றிச் சொல்கிறார்: அப்பா செத்த பிறகு பிறந்தவன் அவன், அதனால் கைக்குழந்தைகளின் வாயில் வெள்ளை படர்ந்து புண்ணானால் ஊரே அவனிடம் தூக்கிக்கொண்டு வரும், அவன் வாயில் ஊதிவிடுவான். அவ்வளவுதான். அடுத்த வரியில் உங்கள் சிறுமி மாத்மேனைத் தேடிக் கிளம்பிவிடுகிறாள்!

அந்த வரி உங்கள் அண்டைவீட்டார் உண்மையிலேயே உங்களிடம் சொன்னது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அது அந்த மண்ணின் உண்மையான நம்பிக்கை. தன் தந்தையின் முகத்தைப் பார்த்தே இராத ஒருவர் குழந்தையின் வாயில் ஊதினால் அந்தப் புண் ஆறும் என்பது அப்பலாச்சிய மலைகளிலும் அமெரிக்கத் தெற்கு முழுவதிலும், வெள்ளையர் வீடுகளிலும் கறுப்பின மக்களின் வீடுகளிலும் பரவலாகப் பதிவாகியிருக்கிறது. இதன் நிபந்தனையைக் கவனியுங்கள். ஆற்றல் தாயத்திலோ இரத்தத்திலோ இல்லை. ஓர் இழப்பில் இருக்கிறது. இந்த ஆற்றல் உங்கள் சிறுமிக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் அப்பன் இல்லாதவள் என்று எந்தப் பிள்ளைகள் அவளைக் கேலி செய்கிறார்களோ, அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் இரவில் அவள் வீட்டுப் பின்வாசலில் வந்து நிற்கிறார்கள். எது அவளுக்குக் குறையோ அதுவே ஊருக்கு மருந்து. இப்படி ஒரு பாத்திரத்தை நானோ நீங்களோ மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்திருக்க முடியாது. அந்த மூதாட்டியின் தம்பியைச் சிறுமியாக மாற்றி, நாவலின் நடுவில் நிறுத்துங்கள்.

அடுத்து அந்த நிபந்தனையைச் சோதிக்க வேண்டும். தந்தையின் முகத்தைப் பார்க்காதவரைதான் ஆற்றல் என்றால், பார்க்க நேர்ந்தால் என்ன ஆகும்? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, இறந்ததாகச் சொல்லப்பட்ட தந்தை உயிரோடு திரும்பி வருவது. அது மோசமில்லை, ஆனால் எளிதாக ஊகிக்கக்கூடியது. நான் பரிந்துரைப்பது வேறு. உங்கள் கதையில் காலமே இல்லை. முதல் அத்தியாயத்தில் கைப்பேசி ஒலிக்கிறது, ஐந்தாம் அத்தியாயத்தில் கோவேறு கழுதை வண்டி வருகிறது. அதை 1935-இல், நோரிஸ் அணை எழுந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கில் நிறுத்திப் பாருங்கள். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1933-இல் அமைக்கப்பட்டது. அதே ஆண்டு அதன் முதல் அணையான நோரிஸின் வேலை தொடங்கியது. 1936-இல் நீர் தேங்கத் தொடங்கியபோது லாய்ஸ்டன் என்ற ஊரே அடியில் போயிற்று. ஏறத்தாழ 2,900 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களோடு 5,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளும் தோண்டி எடுக்கப்பட்டு மேட்டு நிலங்களுக்கு மாற்றப்பட்டன. ஒவ்வொரு கல்லறைக்கும் உறவினரைத் தேடிப் பிடித்து, மாற்றலாமா அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டார்கள்.

அப்படி ஒரு நாள் ஆணையத்தின் ஆள் ஒருவர் காகிதக் கட்டோடு உங்கள் சிறுமியின் வீட்டுப் படியேறி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் தந்தையின் கல்லறையை மாற்ற வேண்டும். குடும்பத்தார் உடன் நிற்கலாம். பெட்டி மட்கியிருக்கும். தோண்டும்போது அவள் அங்கே நின்றால், அது தந்தையைப் பார்த்ததாகுமா? எலும்பைப் பார்ப்பது முகத்தைப் பார்ப்பதாகுமா? ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பாதிரியார் ஒன்று சொல்வார், பாட்டி ஒன்று சொல்வாள், கைக்குழந்தையோடு நிற்கும் தாய் தன் பயத்திலிருந்து ஒன்று சொல்வாள். பன்னிரண்டு வருடங்களாக அப்பாவின் முகத்தை மனத்தில் வரைந்து வரைந்து அழித்த பிள்ளைக்கு, அந்தக் குழியின் விளிம்புவரை நடந்து போவதா வேண்டாமா என்பது அவள் ஒருத்தி மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு. அவள் என்ன முடிவெடுப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் சிறுமி, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் பெரியவர் எவரும் அவளுக்காக முடிவெடுக்க விடாதீர்கள். அரசு ஆளை வில்லனாக்கவும் வேண்டாம். அணை வந்ததால் மின்சாரம் வந்தது, வெள்ளம் குறைந்தது. ஊரை இழந்தவர்களிலேயே பலர் இரண்டையும் ஒரே மூச்சில் பேசியிருக்கிறார்கள்.

இப்போது பாட்டி. பாட்டியைக் காப்பாற்றும் பயணம் என்ற பழைய கதைச்சட்டத்தை விட்டுவிட்டு, அவளுக்கும் அந்த மண்ணின் வித்தை ஒன்றைக் கொடுங்கள். மலையூர்களில் தீக்காயத்தின் எரிச்சலை வாயால் ஓதி இறக்குபவர்களும், இரத்தப்போக்கை நிறுத்துபவர்களும் இருந்தார்கள். சில இடங்களில் இன்றும் இருக்கிறார்கள். இரத்தத்தை நிறுத்த ஓதுவது பெரும்பாலும் விவிலியத்தின் எசேக்கியேல் 16-ஆம் அதிகாரத்தின் 6-ஆம் வசனம். தீக்காயத்துக்கு ஓதுவது, கிழக்கிலிருந்து வந்த தேவதூதர்கள் நெருப்பையும் உறைபனியையும் கொண்டுவந்ததாகச் சொல்லி, நெருப்பை வெளியே போகவும் உறைபனியை உள்ளே வரவும் பணிக்கும் சிறு மந்திரம். 1664-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்ற அரசு அதிகாரி தன் நாட்குறிப்பில் இதன் ஒரு வடிவத்தை எழுதி வைத்திருக்கிறார் என்றால், கடல் கடந்து மலையேறி எத்தனை வாய்கள் வழியாக இது வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் உங்களுக்குப் பயன்படப்போவது மந்திரத்தின் சொற்களைவிட, அது கைமாறும் முறைதான். ஆண் பெண்ணுக்கும், பெண் ஆணுக்கும்தான் அதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது பல குடும்பங்களின் வழக்கம். சொல்லிக்கொடுத்தவரிடம் அதன்பின் அது பலிக்காது என்று சில குடும்பங்கள் நம்பின. குடும்பத்துக்குக் குடும்பம் விதி மாறும் என்பதால் ஒரு விதியைத் தேர்ந்து, கடைசிவரை அதைக் காப்பாற்றுங்கள்.

பாட்டி சாகக் கிடக்கிறாள், தீயை ஓதி இறக்கும் மந்திரம் அவளோடு போய்விடும், ஆனால் பேத்திக்கு அதைச் சொல்ல முடியாது. ஓர் ஆண் பிள்ளையிடம்தான் சொல்ல வேண்டும். பள்ளியில் அவளை அதிகமாகச் சீண்டும் பக்கத்துப் பண்ணைப் பையனை அவளே போய் அழைத்து வர வேண்டியிருந்தால்? விதியை முன்னோக்கி ஓட்டிப் பாருங்கள்: அந்தப் பையன் நினைத்தால் பின்னாளில் அவளுக்கு அதைச் சொல்லலாம், ஆனால் சொன்னால் அவனிடமிருந்து போய்விடும். பிறப்பால் வந்த ஆற்றல் ஒன்று அவளை விட்டுப் போகக்கூடும்; இன்னொருவர் இழந்து கொடுக்கும் ஆற்றல் ஒன்று அவளுக்கு வரக்கூடும். நீங்கள் தேடிய வளர்ச்சி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதற்கு எந்த அரக்கனும் தேவைப்படவில்லை.

சிறு காட்சி ஒன்றை எப்படி எழுதலாம் என்று காட்டுகிறேன். வசந்தத்தில் அந்த மலைகளின் உயரமான குளிர்ந்த சரிவுகளில் ராம்ப்ஸ் என்ற காட்டுப் பூண்டு முளைக்கும். உருளைக்கிழங்கோடு பன்றிக் கொழுப்பில் வதக்கிச் சாப்பிடுவார்கள். தின்றவரின் மூச்சில் மட்டுமல்ல, தோலிலும் அந்த வாடை அடிக்கும். தின்றுவிட்டு வந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் வீட்டுக்கு அனுப்பிய கதைகள் மலையூர்களில் ஏராளம். மேல்மலையிலிருந்து மாமன் ஒரு கூடை ராம்ப்ஸ் கொண்டுவருகிறான், சிறுமி வயிறாரத் தின்கிறாள், அன்று இரவே பின்வாசலில் ஒரு தாய் குழந்தையோடு நிற்கிறாள். வந்திருப்பவள் ஆசிரியையின் தங்கை. சிறுமி வாயைக் கழுவுகிறாள், புதினாவை மெல்லுகிறாள், கடைசியில் வேறு வழியில்லாமல் ஊதுகிறாள். குழந்தை முகத்தைச் சுளித்துத் தும்முகிறது. சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. இத்தகைய வித்தைக்குப் பணம் கொடுக்கக்கூடாது, நன்றிகூடச் சொல்லக்கூடாது என்பது வழக்கம். எனவே அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போகிறாள், கையோடு கொண்டுவந்த சோளப்பாகு ஜாடியை மட்டும் திண்ணையில் மறந்து வைத்துவிட்டுப் போகிறாள். பாட்டி அதைப் பார்த்துவிட்டு, 'மறதிக்காரி, நாளைக்குக் காலியான பிறகு திருப்பிக் கொடுத்துவிடு' என்கிறாள். உங்கள் ஐந்து அத்தியாயங்களில் இருக்கும் மின்னல், சுழல்காற்று, ஒளிவட்டம் எல்லாவற்றையும் விட இந்தத் தும்மல் பத்து வயதுப் பிள்ளைக்கு நெருக்கமாக இருக்கும்.

அப்படியானால் மாயம் உண்மையா இல்லையா என்று கேட்பீர்கள். அந்தப் புண் பல குழந்தைகளுக்குத் தானாகவே ஓரிரு வாரங்களில் ஆறிவிடக்கூடியது என்பதை எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். அணை வேலைக்கு வந்த மருத்துவர் ஒருவர் அதை நாகரிகமாகச் சொல்வதாகவும் வைக்கலாம், அவரை மூடராகவோ ஆணவக்காரராகவோ ஆக்காமல். ஆனால் கதைக்குள் மாயம் பலிக்க வேண்டும். கடைசியில் எல்லாம் கனவு, எல்லாம் தற்செயல் என்று விளக்கிவிடும் சிறுவர் நாவல் வாசகப் பிள்ளையை ஏமாற்றுகிறது. மந்திரம் பலிக்கிறது என்று சிறுமி நம்புகிற அளவுக்கு நீங்களும் நம்பி எழுதுங்கள். சந்தேகம் அவள் மனத்தில் எழட்டும், உங்கள் குரலில் எழ வேண்டாம்.

உரையாடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலை மக்களின் பேச்சுக்குக் கொங்குத் தமிழைப் போட்டிருக்கிறீர்கள். படிக்கும் பிள்ளை டென்னசியை மறந்து கோபிசெட்டிபாளையத்துக்குப் போய்விடும். எந்த வட்டாரத்து முத்திரையும் விழாத, சிக்கனமான பேச்சுத் தமிழ் போதும். முறைப்பெயர்களை மட்டும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இரத்த உறவு இல்லாத மூதாட்டிகளையும் அத்தை என்றும் பாட்டி என்றும் அழைப்பது அந்த மலைகளிலும் வழக்கமாக இருந்தது. சொல்லும் முறைக்கு, வட கரோலினாவின் பீச் மலையில் ஒரு குடும்பம் தலைமுறைகளாகச் சொல்லிவந்த, ஜாக் என்ற பையனைப் பற்றிய கதைகளைக் கேளுங்கள். அந்தக் குடும்பத்தின் ரே ஹிக்ஸ் 1983-இல் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது பெற்றவர். அவர் குரலில் பதிவுகள் கிடைக்கின்றன. அந்தக் கதைகளில் வரும் ராஜா கோட்டையில் இருக்க மாட்டார். கொஞ்சம் வசதியான விவசாயி போலத் தன் வீட்டில் இருப்பார், ஜாக் நேரே போய் வேலை கேட்பான். அச்சில் வந்த தொகுப்புகளைக் கொஞ்சம் ஐயத்தோடு அணுகுங்கள். 1943-இல் வெளிவந்து புகழ்பெற்ற தொகுப்பு, பலரும் சொன்ன வடிவங்களை ஒன்றாக இணைத்துச் செப்பனிட்டது.

நம்பிக்கைகளுக்கு, டியூக் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபிராங்க் பிரவுன் தொகுப்பின் கடைசி இரண்டு தொகுதிகளைப் புரட்டுங்கள். அன்றாட வாழ்வுக்கு, ஜார்ஜியாவின் ரேபன் மாவட்டத்தில் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பேட்டி கண்டு வெளியிட்ட ஃபாக்ஸ்ஃபயர் இதழ்களும், 1930-களில் அரசு, எழுத்தாளர்களைச் சம்பளம் கொடுத்து அனுப்பித் தொகுத்த வாழ்க்கைக் கதைகளும் உதவும். பின்னவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சமையலறை எப்படி இருந்தது, பிள்ளைகள் காலில் என்ன அணிந்திருந்தார்கள் என்பதற்கு, 1933-இல் ஆணையத்துக்காக லூயிஸ் ஹைன் அந்தப் பள்ளத்தாக்கில் எடுத்த புகைப்படங்களைவிட நல்ல ஆதாரம் கிடையாது. லாய்ஸ்டன் மூழ்குவதற்கு முன் எடுக்கப்பட்ட படங்களும் அவற்றில் உண்டு.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: மூன்று அரக்கர்கள் வெளியேறினால் கையெழுத்துப் படி தானாகவே பாதியாகிவிடும், அந்த வயதுக்கு அதுவே சரியான அளவு. ஆங்கிலத்தில் அமெரிக்கப் பதிப்பகங்களுக்கு அனுப்பலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். தமிழில் முடித்த பிறகு அதைப் பேசலாம்.

முதலில் அந்த மூதாட்டியிடம் போய், அவருடைய தம்பியின் கதையை மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால், ஊதிய பிறகு என்ன செய்வார்கள், யார் சொல்லி ஆள் வருவார்கள், தம்பிக்கு அது பிடித்திருந்ததா என்று மூன்றையும் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ராம்ப்ஸ் காட்சியையும் ஆணையத்தின் ஆள் படியேறும் காட்சியையும் மட்டும் உங்கள் முறையில் எழுதி அனுப்பினால், மீதியை எங்கிருந்து தொடங்குவது என்று பார்க்கலாம்.